ரேக் ஃபைல்லிஸ்ட்: எம்.சி. ரோட்டுப் புடவைப் படங்களோடு சில வருட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு கேட்டலாக் தயாரித்துத் தருவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலைகளில் ஒன்று. கடையிலிருந்து புடவை, நைட்டி, சுடிதார் படங்கள் வரும். அவற்றை அளவு குறைத்து, விலை சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பிடிஎஃப், இணையத்தில் வைக்க ஒரு பக்கம் என்று எடுத்துக் கொடுப்போம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் சமயத்தில் தினமும் புதுப் படங்கள் வரும், பழையவை போகும். மாறாத வேலை, மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகள். இதை முழுக்க, வேலைகளைத் தானாக ஓட்டித் தரும் ரூபி நிரல்மொழியின் கருவியான ரேக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அதில் நான் அதிகம் புழங்கியது ஃபைல்லிஸ்ட் என்ற ஒரே ஒரு வகுப்பு. பில்ட் ஸ்கிரிப்ட்டில் கோப்புப் பட்டியல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது எந்த வரியில் டிஸ்க்கைப் போய்ப் பார்க்கிறது என்பதை எழுதுகிறவர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் கணக்கில் அலைய விடும்.

‘படங்கள் ஃபோல்டருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் எல்லா ஜேபிஜியும்’ என்று ஃபைல்லிஸ்ட்டிடம் சொன்னால் அந்த நிமிடம் அது எதையும் தேடாது. அந்தப் பேட்டர்னை, அதாவது தேட வேண்டிய பெயர் வடிவத்தை, மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு யாராவது அந்தப் பட்டியலிடம் முதல்முறையாக ஏதாவது கேட்பார்கள். எத்தனை இருக்கிறது, முதல் கோப்பு எது, ஒவ்வொன்றாகக் கொடு, எதுவானாலும் சரி. அப்போதுதான் போய்த் தேடும். தேடிக் கிடைத்ததை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் திரும்பத் தேடாது, கையில் இருப்பதையே கொடுக்கும்.

இதன் அருமை, வேலைகளை எழுதி வைக்கும் கோப்பான ரேக்ஃபைல் பெரிதாகும்போதுதான் தெரியும். அதில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் டாஸ்க் என்று பெயர். எந்த டாஸ்க்கைக் கூப்பிட்டாலும் ரேக் முழுக் கோப்பையும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். எங்கள் படங்கள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு டிஸ்க்கில் கடைவாரியாக, சீசன்வாரியாகக் கிடக்கின்றன. அதை முழுக்கத் தேட நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பட்டியலை ரேக்ஃபைலின் தலையிலேயே எழுதி வைத்திருந்தும், இன்று கேட்ட கடையின் படங்களை மட்டும்தான் அது தேடுகிறது. டாஸ்க்குகள் என்னென்ன என்று மட்டும் கேட்டால் எதையுமே தேடாமல் பதில் சொல்லிவிடுகிறது.

இன்னொரு நல்ல உதாரணம், உருவான கோப்புகளை அழிப்பதற்காக ரேக்கோடு வரும் கிளீன், கிளாபர் பட்டியல்கள். இரண்டுமே ஃபைல்லிஸ்ட்தான். ‘அவுட் ஃபோல்டரில் இருக்கும் வெப்பி படங்கள் எல்லாம் அழிக்க வேண்டியவை’ என்று கோப்பின் மேலேயே சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் அப்படி ஒரு கோப்புகூட இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. அழிக்கச் சொல்லும்போது டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதைத் தேடி அழிக்கும்.

சரி, சிக்கல் எங்கே? ஒரு டாஸ்க் ஓடும் முன் தயாராக இருக்க வேண்டியவை அதன் முன்தேவைகள். அப்படி முன்தேவையாக ஒரு ஃபைல்லிஸ்ட்டைக் கொடுத்தால், ரேக்ஃபைலைப் படிக்கும்போதே அது தேடப்பட்டுவிடும். முன்தேவைகள் எவை என்று ரேக்குக்கு அப்போதே பெயர்கள் வேண்டும். அதேபோல் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியான நீட்சியை மாற்றும் எக்ஸ்ட், பாதையை மாற்றும் பாத்மேப் ஆகியவற்றைக் கூப்பிட்டாலும் தேடல் அந்த இடத்திலேயே நடந்துவிடும். திரும்பி வருவதும் ஒரு ஃபைல்லிஸ்ட்தான், ஆனால் தேடி முடித்த ஃபைல்லிஸ்ட். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

திரையில் அச்சிட்டாலும் இதே கதை. அதற்கு ரூபியில் ‘பி’ என்று ஒரு கட்டளை உண்டு. எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி ஒரு நாள் வந்து நின்றான்.

“அண்ணா, ‘பி’ போட்டுப் பாத்தா லிஸ்ட்ல புதுப் படம் இல்ல. ‘பி’ய எடுத்துட்டா கரெக்டா வருது.”

“எங்க போட்ட?”

“மேல. டாஸ்க் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அந்த டாஸ்க் முதலில் கடையிலிருந்து புதுப் படங்களை இறக்கும், பிறகு பட்டியலைப் பயன்படுத்தும். மேலே அச்சிட்டதும் பட்டியல் இறக்குவதற்கு முன்பே தேடி முடித்துவிட்டது. பிழை தேடப் போட்ட வரியே முடிவை மாற்றிவிடுகிறது. அதனால் இப்போது எங்கள் அலுவலகத்தில் ஃபைல்லிஸ்ட்டை அச்சிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் டாஸ்க்கின் உடலுக்குள் மட்டும்தான்.

‘முதல் தடவை ஓட்டினால் பக்கம் காலி, இரண்டாம் தடவை ஓட்டினால் சரியாக வருகிறது’ என்று யாராவது சொன்னால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. உருவாகப்போகும் கோப்புகளை டிஸ்க்கில் தேடும் ஒரு பட்டியல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சின்னப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தேடி அதிலிருந்து பக்கம் செய்தால், முதல் ஓட்டத்தில் தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. விளைவைத் தேடக் கூடாது, மூலத்திலிருந்து கணக்கிட வேண்டும். கடை அனுப்பிய ஜேபிஜிகளுக்கு மட்டும் ஒரு ஃபைல்லிஸ்ட் வைத்து, பாத்மேப்பில் ‘படங்கள்’ என்பதை ‘அவுட்’ என்றும் நீட்சியை வெப்பி என்றும் மாற்றினால், இன்னும் பிறக்காத கோப்புகளின் பெயர்கள் கிடைத்துவிடும். அவற்றை முன்தேவையாகக் கொடுத்து, ஜேபிஜியிலிருந்து வெப்பி செய்ய ஒரு ரூல் எழுதினால் போதும். ஒரு படம் மாறினால் அந்த ஒன்று மட்டும் திரும்பச் செய்யப்படும். பாத்மேப்பின் % குறி மொழி முதலில் கண்ணுக்கு உறுத்தும். ஆனால் கோப்பின் பெயர், ஃபோல்டர், நீட்சி என்று தனித்தனியாகப் பிரித்துச் சேர்க்க அதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்த்ததில்லை.

மூலமே ஓட்டத்தின் நடுவில் வந்தால்? எங்கள் நிலைமை அதுதான். படங்களை இறக்குவதும் ரேக்தான், அவற்றை மாற்றுவதும் ரேக்தான். இங்கே முன்தேவையாகப் பட்டியலைக் கொடுக்க முடியாது. அது இறக்குவதற்கு முன்பே தேடப்பட்டுவிடும். ஏற்கனவே தேடிய பட்டியலில் அதே பேட்டர்னை மறுபடி இன்க்ளூட் செய்தால் திரும்பத் தேடும் என்பது உண்மை. ஆனால் பழைய பெயர்கள் அப்படியே இருக்க, அவையே இன்னொரு முறையும் வந்து சேரும். அழிக்கப்பட்ட படங்களும் பட்டியலில் தங்கிவிடும். அதனால் இறக்கும் டாஸ்க்கை முன்தேவையாக வைத்து, அடுத்த டாஸ்க்கின் உடலுக்குள் புது ஃபைல்லிஸ்ட் ஒன்றை உருவாக்குகிறோம். அதன் ஒவ்வொரு பெயருக்கும் உரிய டாஸ்க்கை அங்கேயே இன்வோக் செய்கிறோம், அதாவது கூப்பிட்டு ஓட்டுகிறோம். ரூல் இருப்பதால் பெயரைக் கொடுத்ததும் ரேக் டாஸ்க்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இதற்கு விலை உண்டு. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டச் சொன்னால் உடலுக்குள் நடப்பது எதுவும் தெரியாது. ஓட்டாமல் ஒத்திகை பார்க்கும் வசதியும் அங்கே உதவாது. ஒவ்வொன்றாக இன்வோக் செய்வதால் எல்லாம் வரிசையில்தான் நடக்கும், தீபாவளி நேரத்துப் படக் குவியலுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் உடலுக்குள்ளேயே, முன்தேவைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிடாஸ்க் ஒன்றை அறிவித்து, புதுப் பட்டியலை அதன் முன்தேவையாகக் கொடுத்து, அதை ஒரு முறை இன்வோக் செய்கிறோம். படங்கள் ஒரே நேரத்தில் பலவாக மாறுகின்றன. பார்க்கக் கொஞ்சம் வளைந்த எழுத்துதான், ஆனால் நன்றாக ஓடுகிறது.

மற்றக் கருவிகளோடு பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் லேப்ஸில் எழுதிய மேக் என்ற பில்ட் கருவியின் வழியில் வந்த க்னூ மேக்கில், வைல்டுகார்டை (கோப்புகளைத் தேடும் பேட்டர்னை) = என்று கொடுத்தால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் விரியும், := என்று கொடுத்தால் எழுதிய இடத்திலேயே ஒரு முறை விரியும். க்ரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவியின் கோப்புத் தொகுப்புகள் உயிரோட்டமானவை, எப்போது கேட்டாலும் அந்த நேரத்து நிலைமையைச் சொல்லும். ரேக் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. தாமதமாகத் தேடும், ஆனால் ஒரே ஒரு முறை. க்ரேடிலிலிருந்து ரேக்குக்கு வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு ஓட்டத்தின் நடுவில் பட்டியல் மாறாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிஎஃப்பில் இருக்கும் படங்களும் பக்கத்தில் இருக்கும் படங்களும் ஒன்றேதான் என்று நம்பலாம்.

அப்புறம், டாட் பேக் (.bak) கோப்புகள். இதைக் கடைகளுக்கு வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஜிம் வைரிச் ரேக்கை எழுதியது 2003இல். அவர் 2014இல் காலமாகிவிட்டார், ஆனால் அந்தக் காலத்துத் தேவைகள் இன்னும் அதன் உள்ளே இருக்கின்றன. ஃபைல்லிஸ்ட் தானாகவே சிலவற்றைப் பட்டியலிலிருந்து விட்டுவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சிவிஎஸ், எஸ்விஎன் கருவிகளின் ஃபோல்டர்கள், ~ என்று முடியும் கோப்புகள், கோர் என்ற பெயருள்ள கோப்பு, அதோடு டாட் பேக் என்று முடிபவை. அன்றைக்கு அவை எடிட்டர் விட்டுச்செல்லும் குப்பை. ஆனால் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடும் பில்லிங் மென்பொருளின் பேக்கப்பும் வழக்கமாக டாட் பேக் என்றுதான் வரும். விலைப் பட்டியலுக்காக ஒரு கடையின் பேக்கப்பை ஃபோல்டரில் போட்டு, டாட் பேக் கோப்புகளைக் கொடு என்று கேட்டால் ஃபைல்லிஸ்ட் காலியாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. கிளியர் எக்ஸ்க்ளூட் என்று ஒரு முறை கூப்பிட்டால் இந்த விலக்குகள் எல்லாம் போய்விடும். தேடல் நடப்பதற்கு முன்பு கூப்பிட வேண்டும்.

அதைவிட ஆபத்து கிளீன் பட்டியலில். அதில் ஆரம்பத்திலேயே ‘எந்த ஃபோல்டரில் இருந்தாலும் டாட் பேக்’ என்ற பேட்டர்ன் இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் கடையின் பேக்கப் இருந்து, யாராவது ரேக் கிளீன் என்று அடித்தால் பேக்கப் போய்விடும். கணக்கு பார்க்கும் அக்காவிடம் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிளீன் பட்டியலும் தாமதமாகத் தேடுவதால், ரேக்ஃபைலின் மேலேயே பேக்கப் ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் செய்துவிட்டால் போதும். நாங்கள் அதையும் செய்தோம், பேக்கப்பை ப்ராஜெக்ட்டுக்கு வெளியே நகர்த்தியும் விட்டோம். இரண்டும் வேண்டும் என்பேன்.

சின்ன விஷயங்கள் சில. ஃபைல்லிஸ்ட் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் கிடைத்ததை அகரவரிசையில் அடுக்கித் தரும். ரூபி 3.0க்கு முன்பு ரூபியின் சொந்தக் கோப்புத் தேடலான வெறும் டிர் குளோப்பில் இந்த உத்தரவாதம் இல்லை, ஒரு கணினியில் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை என்று வரலாம். ஆனால் அடுக்குவது பேட்டர்ன்வாரியாக. கேமராவிலிருந்து பெரிய எழுத்தில் முடியும் ஜேபிஜி, ஃபோனிலிருந்து சின்ன எழுத்தில் முடியும் ஜேபிஜி என்று இரண்டு பேட்டர்ன்களாகக் கொடுத்தால், ஒரு வகை முழுக்க முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். கேட்டலாக்கில் ஒரே புடவையின் முந்தானையும் உடலும் வேறு வேறு பக்கத்துக்குப் போய்விடும். அடைப்புக்குறிக்குள் இரண்டு நீட்சிகளையும் வைத்து ஒரே பேட்டர்னாக எழுதினால் சேர்த்து அடுக்கும்.

நட்சத்திரக் குறி போன்ற எதுவும் இல்லாமல் நேரடியாக ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே பட்டியலில் சேர்த்துவிடும். அட்டைப்படம் இன்னொரு டாஸ்க்கில் உருவாகப்போவதால் எங்களுக்கு இது வசதி. இருப்பவை மட்டும் போதும் என்றால் எக்சிஸ்டிங் என்று கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களின் பெயரில் இடைவெளி இருக்கும். பட்டியலை ஒரு கட்டளை வாக்கியத்துக்குள் அப்படியே நுழைத்தால் எல்லாப் பெயர்களும் இடைவெளியால் ஒட்டி ஒரே சரமாகிவிடும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். வெளி நிரல்களை ஓட்டும் ரேக்கின் எஸ்எச் கட்டளைக்கு நிரலின் பெயரைத் தனியாகவும், பட்டியலை நட்சத்திரக் குறி போட்டு விரித்துத் தனித்தனி மதிப்புகளாகவும் கொடுத்தால், ஷெல் நடுவில் வராமல் ஒவ்வொரு பெயரும் முழுதாகப் போய்ச் சேரும்.