மார்பகக் கட்டியின் ஏபோபெக் அறிக்கை: முழு மரபணுத்தொகுதி எடுத்தால் சரி, சிறு பேனல் வீண்

கட்டியின் டிஎன்ஏவை வரிசைப்படுத்தி, பிறழ்வுகளில் எவ்வளவு, டிஎன்ஏவின் எழுத்துகளை மாற்றிவிடும் ஏபோபெக் நொதிகளின் கைவேலை என்று சொல்லும் சேவை இது. அவற்றில் ஒன்றான ஏபோபெக்3பி, ஒற்றை இழை டிஎன்ஏவில் 'டி' எழுத்துக்கு அடுத்து வரும் 'சி'யை யுராசில் என்ற வேற்று எழுத்தாக மாற்றிவிடும்; அது கடைசியில் 'டி'யாகவோ 'ஜி'யாகவோ முடியும். மார்பகப் புற்றுநோயில் இதன் பங்கு 2013-இல் தெளிவானது.

முழு மரபணுத்தொகுதி அறிக்கை நம்பகமானது. ஏபோபெக் விடும் இரண்டு பிறழ்வுத் தடங்களையும் தனித்தனியே காட்டுகிறது: 'சி' 'டி'யாக மாறும் எஸ்பிஎஸ்2, பெரும்பாலும் 'ஜி'யாக மாறும் எஸ்பிஎஸ்13. சில நூறு மரபணுக்கள் மட்டும் பார்க்கும் பேனலில் பிறழ்வுகள் கைவிரல் எண்ணிக்கையில்தான் கிடைக்கும்; அதை வைத்துச் சதவீதம் போடுவது ஏறக்குறைய ஊகம்.

பெரிய சிக்கல் மாதிரியில்தான். ஃபார்மலினில் வைத்த திசுவில் 'சி' தானாகவே யுராசிலாகச் சிதைந்து 'டி'யாகப் படிக்கப்படும். எஸ்பிஎஸ்2 மட்டும் உயர்ந்து எஸ்பிஎஸ்13 இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். உறைய வைத்த திசு சிறந்தது. இல்லையேல் யுராசில் நீக்கும் நொதிச் சுத்திகரிப்பு நடந்ததா என்று கேளுங்கள். நோயாளியின் ரத்த மாதிரியும் கட்டாயம் வேண்டும், பரம்பரை வேறுபாடுகளைக் கழிக்க.

ஒரு குறை: அதே குடும்பத்து ஏபோபெக்3ஏ-வும் ஏறக்குறைய இதே தடத்தைத்தான் விடும். அறிக்கை '3பி' என்று அடித்துச் சொன்னால் அது அவசர முடிவு. சிகிச்சையை இதை மட்டும் வைத்து மாற்ற முடியாது. ஆராய்ச்சிக்கு என்றால் ஐந்துக்கு நான்கு தரலாம்.