ஓராண்டு வேத வாசிப்பு அட்டை வாங்கலாமா?

புத்தாண்டு ஆராதனைக்கு முன்னால் பாளையங்கோட்டை கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் பொருள் இந்த அட்டைதான். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அதிகாரத்துக்கு ஒரு கட்டம்; வாசித்ததும் டிக் போட வேண்டும். தாராளமாக வாங்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தைக் கிரிக்கெட், கபடி ரசிகர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1196. ஆக, வருடம் முழுவதற்கும் மிஞ்சுவது 7 அதிகாரம்தான். ஒரு வாரம் விட்டாலே 23 கட்டம் பின்தங்கிவிடும்.

பெரும்பாலான அட்டைகளில் டிக் நின்றுபோகும் இடம் லேவியராகமம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் கதையாகவே ஓடிவிடும். ஜனவரி கடைசி வாரத்தில் பலிகளின் சட்டங்கள் வந்ததும் கை தளரும். சோம்பேறித்தனம் என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்வது சரியல்ல. டெஸ்ட் மேட்ச்சில் ஒரு செஷன் முழுக்க விக்கெட் விழாவிட்டாலும் ரசிகர் எழுந்து போகமாட்டார். பந்து பழசாகிறது, பிட்ச் உடைகிறது, நாளைக்கு ஸ்பின்னர் வருவார் என்று அவருக்குத் தெரியும். விவரம் தெரிந்தவருக்குத்தான் ஆர்வம் நிற்கும்.

லேவியராகமத்துக்கும் அந்த விவரம் வேண்டும். முதல் 7 அதிகாரங்களில் வரும் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி ஆகிய ஐந்தையும் அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள், டீம் லிஸ்ட் எழுதுவதுபோல. 16ஆம் அதிகாரத்தை வாசிக்கும் அன்றைக்கே எபிரெயர் 9ஐயும் வாசியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் திரைக்குள் போனது எதற்கென்று அங்கே விளங்கும். எண்ணாகமம் 21இல் வெண்கலச் சர்ப்பம் வந்தால் யோவான் 3ஐத் திறக்க வேண்டும். அட்டை அச்சிடுகிறவர்கள் இந்த இணைவசனங்களைக் கட்டத்தின் ஓரத்தில் போட்டாலே பாதிப் பேர் பிப்ரவரியைத் தாண்டிவிடுவார்கள் என்பது எங்கள் எண்ணம்.

விட்டுப்போன நாட்களுக்கும் ரசிகர்களின் வழியே நல்லது. நேற்றைய மேட்ச்சைப் பார்க்காதவர் ஸ்கோரை மட்டும் தெரிந்துகொண்டு இன்றைய மேட்ச்சுக்கு உட்கார்ந்துவிடுவார். நீங்களும் இன்றைய கட்டத்துக்கு வாருங்கள். பழைய கட்டங்களை ஞாயிறு மதியம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பலாம். ஒரே இரவில் 23 அதிகாரம் முடிக்க உட்காருகிறவர்கள் மறுவாரம் அட்டையையே தொடுவதில்லை.

ஐபிஎல் காலத்தில் இன்னொரு சிக்கல். இரவு மேட்ச் 7:30க்கு, டாஸ் 7 மணிக்கு. குடும்ப ஜெபமும் அதே நேரம் என்றால் பிள்ளைகள் கண் மூடியிருக்க, காது பக்கத்து வீட்டு டிவியில் இருக்கும். ஜெபத்தை 6:30க்கு மாற்றிவிடுங்கள். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, அவ்வூர்ப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கொருமுறை நடந்த பந்தயங்களை அறிந்தே எழுதினார். போட்டியைத் திட்டவில்லை, போட்டியாளரின் இச்சையடக்கத்தைக் காட்டினார் (1 கொரிந்தியர் 9:25).

அட்டையின் பெரிய குறை, அது தனி ஆளுக்கானது. மேட்ச் முடிந்த மறுநாள் டீக்கடையில் அதைப் பேசித் தீர்ப்பதால்தான் ரசிகரின் சூடு ஆறுவதில்லை. வாலிபர் ஐக்கியத்தில் மூன்று பேராவது ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, ஆராதனை முடிந்து பத்து நிமிடம் அந்த வாரப் பகுதியைப் பேச வேண்டும். "முடித்தாயா?" என்று கேட்பதைவிட "எந்த இடம் புரியவில்லை?" என்று கேட்பது மேல்.

வாங்கும்போது பளபளப்பான தாளைத் தவிருங்கள். பேனா மை இழுகும். மடிப்பு சீக்கிரம் கிழியும், பின்னால் முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். கட்டங்கள் சமமில்லை என்பதும் நினைவிருக்கட்டும்: சங்கீதம் 117க்கு 2 வசனம், 119க்கு 176. 119ஐ மூன்று நாளாகப் பிரிப்பது நல்லது.

ஸ்காட்லாந்து போதகர் மெக்செய்ன் 1842இல் தயாரித்த அட்டவணையும் கிடைக்கிறது. தினமும் நான்கு இடங்களில் வாசிப்பு. வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடியும். ஒருமுறை முழு வேதாகமத்தையும் முடித்தவர்களுக்கு அது ஏற்றது. புதியவர்களுக்கு நூல் அறுந்துபோகும்.

வருடம் பாதி போய்விட்டதே என்று தயங்குகிறவர்கள் புதிய ஏற்பாட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 260 அதிகாரம், ஆகஸ்ட் 24இல் தொடங்கினாலும் நாளுக்கு 2 வீதம் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும்.