மூன்று வருடம் போட்டுப் பார்த்த பாட்டில் துணி

2022 ஆடித் தள்ளுபடியில் திருப்பூரில் இரண்டு டி-ஷர்ட் வாங்கினேன். நீலம் முழுக்க மறுசுழற்சி பாலியெஸ்டர், அதாவது பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த இழை; விளையாட்டுக்குப் போடும் மெல்லிய துணி. சாம்பல் நிறத்தில் பாதி பருத்தி, பாதி மறுசுழற்சி பாலியெஸ்டர். காலை நடைக்கும் பேட்மிண்டனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டதில், ஒவ்வொன்றையும் முந்நூறு தடவையாவது துவைத்திருப்பேன்.

“பழைய பாட்டில்ல செஞ்சதுங்க, புதுசு மாதிரி உழைக்காதுங்க” என்றார் கடைக்காரர். நீலச் சட்டை அதைப் பொய்யாக்கிவிட்டது. தையல் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்ததைத் தவிர கிழிசல் இல்லை, கழுத்து தொங்கவில்லை, சாயமும் பெரிதாக வெளுக்கவில்லை. காரணம் பாட்டிலிலேயே இருக்கிறது. சோடாவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால், துணி நூலுக்குத் தேவையானதைவிட நீளமான மூலக்கூறுச் சங்கிலி கொண்ட பெட் (PET) பிளாஸ்டிக்கில்தான், அதாவது பாலியெஸ்டரில்தான், பாட்டில் செய்கிறார்கள். அதைக் கழுவி, செதிலாக நறுக்கி, உருக்கி நூலாக்கும்போது சங்கிலி கொஞ்சம் அறுபடும். அப்படியும் நூலுக்கு வேண்டிய வலு மிஞ்சும்.

சாம்பல் சட்டைதான் ஏமாற்றியது. ஆறே மாதத்தில் அக்குளிலும், பை உரசும் தோளிலும் இழை உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. பனியன் கம்பெனிகளில் இதை பில்லிங் என்பார்கள். பழியை மறுசுழற்சி மேல் போட எனக்கு மனமில்லை. நீலம் பிலமென்ட் நூல், அதாவது அறுபடாத நீள இழை. சாம்பல், பஞ்சு போலத் துண்டு துண்டாக வெட்டிய இழையைப் பருத்தியோடு சேர்த்து நூற்றது. உரசும்போது இழை நுனிகள் வெளியே வந்து சுருண்டுகொள்கின்றன. வெறும் பருத்தி என்றால் அந்த உருண்டை நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் வலுவான இழை, விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். புது பாலியெஸ்டர் கலந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆகவே வாங்கும்போது ‘மறுசுழற்சியா’ என்பதோடு ‘பிலமென்ட்டா, நூற்ற நூலா’ என்றும் கேளுங்கள்.

அப்புறம் நாற்றம். நீலச் சட்டையில் எனக்கு உண்மையான தொல்லை இதுதான். 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதனால்தான் ஐப்பசி மழையிலும் மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. ஆனால் தண்ணீரை ஒதுக்கும் இந்த இழை, உடம்பின் எண்ணெய்ப் பசையை இறுகப் பற்றிக்கொள்ளும். கிருமிகளுக்கு அது தீனி. ஒரு வருடத்துக்குப் பிறகு, துவைத்து மடித்த சட்டையும் போட்டுப் பத்து நிமிடம் நடந்தால் பழைய வாடை எழுந்தது. துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்தினேன். அது இழை மேல் படிந்து காரியத்தைக் கெடுக்கிறது. வியர்வைச் சட்டையைக் கூடையில் போட்டு வைக்காமல் அன்றே அலசுகிறேன். மாதம் ஒருமுறை வினிகர் கலந்த நீரில் அரை மணி ஊறவைத்து, உட்பக்கம் வெளியே தெரியத் துவைத்து வெயிலில் போடுகிறேன். வாடை முக்கால்வாசி போய்விட்டது.

இஸ்திரி தேவையே இல்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் சூடு குறைவாக.

மனதை உறுத்துவது இன்னொன்று. ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் சாக்கடைக்குப் போகின்றன. மறுசுழற்சி என்பதால் அது நிற்பதில்லை. மெஷினை நிறைத்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட விடுகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பருத்தி கலந்த என் சாம்பல் சட்டையை இழை பிரித்து மீண்டும் துணியாக்குவது லேசான காரியமல்ல.

அடுத்த முறையும் நீலம் மாதிரிதான் வாங்குவேன், விளையாட்டுக்கு மட்டும். வீட்டில் போட எனக்குப் பருத்திதான். ஜிஆர்எஸ் (Global Recycled Standard) என்ற மறுசுழற்சிச் சான்று முத்திரையைப் பார்த்ததும் முழுக்க மறுசுழற்சி என்று நினைத்துவிடாதீர்கள். 50 சதவீதம் இருந்தாலே அந்த முத்திரை போடலாம். உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளில் சதவீதம் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.