டி.வி. செஃப் சொல்லித்தரும் ஆம்பூர் பிரியாணி: வேலூர் அடுப்பில் எது தேறும், எது தேறாது

வேலூர், ஆற்காடு பக்கம் டி.வி.யில் யாராவது ஆம்பூர் பிரியாணி செய்து காட்டினால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "வடிச்சாரா, இல்ல தண்ணி அளந்து ஊத்திட்டாரா?" என்றுதான். இங்கே அரிசியைத் தனியாக அரைவேக்காடாக வேகவைத்து, கஞ்சியை வடித்துத்தான் குழம்பில் சேர்ப்பார்கள். அளந்து ஊற்றியிருந்தால் அதோடு சேனல் மாறிவிடும். நட்சத்திர சமையல்காரர்களின் செய்முறையை எடைபோட இந்தக் கேள்வியே பெரும்பாலும் போதும்.

ஆளைக் குறைத்துப் பேச இங்கே எதுவும் இல்லை. செஃப் தாமு 2010-இல் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் சமைத்து கின்னஸில் ஏறியவர், ஓட்டல் மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவர், 2025-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெங்கடேஷ் பட் நட்சத்திர ஓட்டல் சமையலறையில் தேறி வந்தவர். வடக்கே சஞ்சீவ் கபூர் 1993-இல் டி.வி.யில் தொடங்கி, உணவகம், பாத்திரம், 2011-இல் சொந்தமாக ஒரு உணவுச் சேனல் என்று விரித்துக்கொண்டே போனார். (விடிய விடிய தேக்சா என்னும் பெரிய பிரியாணிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று கல்யாணப் பிரியாணி இறக்கும் பண்டாரிகளுக்கு, அதாவது பிரியாணி மாஸ்டர்களுக்கு, கின்னஸ்காரர்கள் இன்னும் கடிகாரம் பிடிக்கவில்லை. அது வேறு கதை.)

ஓட்டல் படிப்பு இவர்களுக்குக் கொடுத்த பெரிய சொத்து அளவு. இத்தனை கிராம், இத்தனை மில்லி, யார் செய்தாலும் ஒரே ருசி. வற்றல் குழம்பு, கூட்டு, அவியல், சிக்கன் வறுவல் போன்றவற்றுக்கு அதை அப்படியே நம்பலாம். புதிதாகக் கரண்டி பிடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். ஆனால் பாடம் இருப்பது பழைய சமையல் நிகழ்ச்சிகளிலும் அவர்களுடைய யூடியூப் வீடியோக்களிலும்தான். 2019-இல் தொடங்கிய சமையல் போட்டி 'குக்கு வித் கோமாளி'யைச் சிரிப்பதற்குப் பாருங்கள். அதில் தொடக்கத்தில் தாமுவும் பட்டும் நடுவர்கள், பட் 2024-இல் விலகிவிட்டார். நடுவர்கள் தட்டில் வந்ததை ருசி பார்ப்பார்கள், தேக்சாவில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது.

ஆம்பூர் பிரியாணிக்கு வந்தால் டி.வி. வழிமுறைகள் பொதுவாக மூன்று இடத்தில் சறுக்குகின்றன. அரிசி, மிளகாய், தண்ணீர்.

அரிசி சீரகச் சம்பாதான். அறுத்து ஒரு வருஷமாவது ஆன பழைய அரிசி வேண்டும். புது அரிசி என்றால் எவ்வளவு கவனமாக வடித்தாலும் பிசுபிசுக்கும். ஊறவைப்பது 20 நிமிஷம், மிஞ்சினால் அரை மணி. அதற்கு மேல் போனால் தம்மில், அதாவது மூடிச் சிறு தீயில் வைக்கும்போது, உடையும். பாஸ்மதி போட்டால் கெட்டுவிடாது, ஆனால் அது வேறு பிரியாணி. சீரகச் சம்பா மசாலாவைக் குடித்துக்கொள்ளும், பாஸ்மதி மேலே பூசிக்கொண்டு நிற்கும்.

மிளகாய்த்தூள் போடுவதுதான் பெரிய பிழை. சூடான எண்ணெயில் தூள் நொடியில் கருகி, நிறம் செங்கல் மாதிரி மங்கிவிடும். ஒரு கிலோ கறிக்கு 20 முதல் 25 நீட்டு வரமிளகாயின் விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வெண்ணெய் போல அரைக்க வேண்டும். விழுதில் இருக்கும் ஈரம் அதைக் கருகவிடாது, நின்று வதங்கும், எண்ணெய் சிவப்பாகப் பிரியும். விதையோடு அரைத்தால் காரம் ஏறும், நிறம் ஏறாது.

வீட்டளவு இதுதான்: கறி ஒரு கிலோ, எலும்போடு. அரிசி ஒரு கிலோ. எண்ணெய் 200 மில்லி, வெங்காயம் அரை கிலோ, தக்காளி 400 கிராம், பூண்டு 150, இஞ்சி 100, தயிர் ஒரு சின்ன டம்ளர், புதினாவும் மல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, ஒரு எலுமிச்சை. பட்டை மூன்று துண்டு, கிராம்பு ஐந்து, ஏலக்காய் ஐந்து. அவ்வளவே. பிரியாணி மசாலா பாக்கெட், அன்னாசிப்பூ, குங்குமப்பூ, கேசரிப் பவுடர் எதுவும் இதில் கிடையாது. பட்டியலில் இவற்றில் ஒன்று வந்தாலும் அது ஆம்பூர் பெயரை மட்டும் கடன் வாங்கிய செய்முறை.

பூண்டையும் இஞ்சியையும் தனித்தனியாக அரையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு பொரிந்ததும் முதலில் பூண்டு. பச்சை வாடை போனபின் இஞ்சி. இஞ்சி சட்டென்று அடிபிடிக்கும், அதனால்தான் பின்னால் வருகிறது. பிறகு கறி, மிளகாய் விழுது, உப்பு. ஐந்து நிமிஷம் பிரட்டி வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி, தயிர், தேவைக்குத் தண்ணீர். கறி முக்கால் பதத்தைத் தாண்டி, விரலால் அழுத்தினால் பிய்யும் வரை வேகட்டும். கடைசியில் எலுமிச்சை.

இப்போது தண்ணீர் கணக்கு. கறி வெந்து முடிந்ததும் குழம்பு கறி மட்டத்துக்கு நிற்க வேண்டும். கறிக்கு மேல் இரண்டு விரல் நின்றால் சோறு குழையும். கறி வெளியே தெரிய வற்றியிருந்தால் அடியில் தீயும், மேலே வெள்ளையாக நிற்கும். கூடுதலாக இருந்தால் அரிசி போடும் முன்பே வற்றவிடுங்கள், போட்டபின் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து அடுப்பில் நிறையத் தண்ணீரில், நாக்கில் வைத்தால் கரிக்கிற அளவு உப்புப் போட்டு அரிசியைக் கொதிக்கவிடுங்கள். மறுகொதி வந்ததிலிருந்து ஐந்தாறு நிமிஷம். ஒரு அரிசியைக் கிள்ளினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் பதம். உடனே வடித்து, சூடு ஆறுமுன் குழம்பில் சேர்த்து, அடியிலிருந்து ஒரே ஒரு தரம் புரட்டி மூடிவிடுங்கள். கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பொங்கல்தான் கிடைக்கும்.

தம்முக்குக் கடைகளில் மூடிமேல் கங்கு போடுவார்கள், சூடு மேலிருந்தும் இறங்கும். வீட்டில் அடியில் தோசைக்கல், மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரம். சிறு தீயில் 15 நிமிஷம், அணைத்தபின் பத்து நிமிஷம் தொடக்கூடாது. குக்கரில் விசில் விட்டு இறக்கும் குறுக்குவழியில் நேரம் மிச்சம், உண்மைதான். ஆனால் ஆவி வெளியே போக வழியில்லாமல் அடி அரிசி மேல் பாரத்தில் நசுங்கும். நாலு பேருக்குச் சமாளிக்கலாம், ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

டி.வி. செஃப்கள் முழு மதிப்பெண் வாங்கும் இடம் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய். எள், வேர்க்கடலை வறுத்து அரைப்பது, புளியின் அளவு, எண்ணெய் மிதக்கும் வரை பொறுப்பது என்று அந்தப் பாடம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அவர்கள் விட்டுவிடுவது காயை மட்டும். நமக்கு இலவம்பாடி முள்ளு கத்தரி கிடைக்கிறது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் விரலைக் குத்த வேண்டும், மழுங்கிக் கிடந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். காம்போடு நாலாகக் கீறி எண்ணெயில் முதலில் வதக்கிவிட்டுப் பிறகு மசாலாவில் போடுங்கள். நேரே புளித்தண்ணீரில் போட்டால் தோல் வெந்தும் உள்ளே நறநறக்கும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர்தான். 1890-இலிருந்து பிரியாணி போடுவதாகக் கணக்குச் சொல்லும் குடும்பமெல்லாம் அங்கே இருக்கிறது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போங்கள், மூன்று மணிக்கு மேல் கிடைப்பது தேக்சாவில் பலமுறை சூடுபட்ட சோறு. பார்சல் என்றால் வாழையிலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வேலூர் வந்து சேர்வதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் ஆவி நீராகி மேல்சோறு நொசநொசத்துவிடும். கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் தனிப் பொட்டலமாக வரட்டும், பிரியாணி மேலேயே வைத்துக் கட்டவிடாதீர்கள்.