‘இயற்கை தைராய்டு மாத்திரை’ என்று ஆயிரக்கணக்கில் பணம் கறக்கும் கிளினிக்குகள்: அமெரிக்காவில் இருக்கும் தோழிகள் கவனத்துக்கு

டெக்சாஸில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் போய்வரும் ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். மாநில மருத்துவ வாரியத்தில் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. ஆனால் இதே மாதிரிக் கிளினிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சொல்லும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) வந்து தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது. அதற்கு வழக்கமாகத் தரும் லெவோதைராக்ஸின் என்ற ஹார்மோன் மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வந்தேன். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த எண் ஏறும், கூடினால் இறங்கும்) 2-ஐ ஒட்டியே, சரியான அளவில் நின்றது. ஆனாலும் அசதி விடவில்லை. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி. என் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து “எல்லாம் நார்மல்” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நம்மை உட்கார வைத்துப் பேச ஆளில்லாத இந்த இடத்தில்தான் அந்தக் கிளினிக்குகள் கடை விரிக்கின்றன.

அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்டார்கள். அதை மறுக்கமாட்டேன். கேட்டு முடித்ததும், “நீங்கள் சாப்பிடுவது செயற்கை ரசாயனம், உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது, நாங்கள் இயற்கை ஹார்மோன் தருகிறோம்” என்றார்கள். இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆறு மாதத்துக்கு 2,400 டாலர் முன்பணம். அதற்கு மேல் எச்சில் பரிசோதனை, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி சோர்ந்துவிட்டது என்று ‘அட்ரினல் களைப்பு’ என்று ஒரு பெயர், அதற்கென்று அவர்களே விற்கும் பாட்டில்கள். அட்ரினல் களைப்பு என்று ஒரு நோயே இல்லை என்று ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பணம் கட்டியவர்களிடம் அதை யாரும் சொல்வதில்லை.

அவர்கள் சொன்ன ‘செயற்கை’ கதையும் பொய். லெவோதைராக்ஸின் ஆலையில் தயாராவது உண்மைதான். ஆனால் அந்த மூலக்கூறு நம் கழுத்துச் சுரப்பி சுரக்கும் டி4 என்ற ஹார்மோன்தான், அணு அணுவாக அதேதான். தேவைப்படும் இடத்தில் உடம்பே அதை டி3 என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. ‘இயற்கை’ என்று அவர்கள் கொடுத்தது பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடியாக்கிய மாத்திரை. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லை, அது பெரிய சாதனை. அதைச் சொல்லி இன்றைக்கு வியாபாரம் பண்ணுவதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அளவுக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பன்றித் தைராய்டு மாத்திரை 60 மில்லிகிராமில் 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3 இருக்கும். அதாவது நாலுக்கு ஒன்று. மனிதச் சுரப்பி தருவது சுமார் பதினாலுக்கு ஒன்று. டி3-இன் வீரியம் டி4-ஐவிடச் சுமார் மூன்று மடங்கு. எனக்கு எடுத்ததுமே 120 மில்லிகிராம் கொடுத்தார்கள். அதில் டி4 மட்டுமே 76 மைக்ரோகிராம், நான் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த அளவு. அதற்கு மேல் 18 மைக்ரோகிராம் டி3. ஒரே இரவில் என் மருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து 150 ஆக்கினார்கள்.

முதலில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, எடையும் குறைந்தது. வீட்டில் எல்லோரும் “ஆளே மாறிட்டே” என்றார்கள். பிறகு தூக்கம் போயிற்று. காபி டம்ளரை எடுத்தால் டவராவில் பட்டுக் கடகடவென்று சத்தம் வரும், அந்த அளவுக்குக் கை நடுக்கம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பு. போன் பண்ணிச் சொன்னேன். “உடம்பு குணமாகும்போது இப்படித்தான் இருக்கும், பழைய மருந்தின் நஞ்சு வெளியேறுகிறது” என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே. “அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்” என்று பதில். எனக்கு எப்படி இருக்கிறது என்று நான் சொன்னதைத்தான் அவர்கள் காதில் வாங்கவில்லையே!

கடைசியில் ஒரு நாள் இரவு இதயம் தாறுமாறாக அடித்து, என் கணவர் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு. தைராய்டு ஹார்மோன் அளவு மீறினால் வரக்கூடியதுதான், ரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரைக்கும் போகலாம். நல்லவேளை, மருந்திலேயே காலைக்குள் துடிப்பு சீரானது. அங்கே இருந்த டாக்டர் மாத்திரையின் விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, “நீங்கள் சைவம் என்று போட்டிருக்கிறதே, இது பன்றியிலிருந்து எடுப்பது, தெரியுமா?” என்றார். கிளினிக்கின் விண்ணப்பத்தில் உணவுப் பழக்கம் கேட்ட இடத்தில் நான் சைவம் என்றுதான் எழுதியிருந்தேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் இதை இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒப்பந்தத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். கிரெடிட் கார்டு வழியாகத் தகராறு போட்டுக் கொஞ்சம் திரும்பியது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பன்றித் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 70 நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றி, எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 34 பேர் பன்றித் தைராய்டு பிடித்தது என்றார்கள், 13 பேர் லெவோதைராக்ஸின் என்றார்கள், மீதி 23 பேர் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். நோயின் அறிகுறி, ஞாபகசக்தி எதிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எடை சுமார் 3 பவுண்டு குறைந்தது. கிளினிக்கின் துண்டுத்தாளில் அந்த 34 மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆய்வு முழுக்க டி.எஸ்.எச்.-ஐ சரியான வரம்புக்குள் வைத்திருந்தார்கள் என்பதை விட்டுவிட்டார்கள். எனக்கு நடந்ததற்கும் அந்த ஆய்வுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

மாத்திரைக்கு மாத்திரை அளவு மாறுவதும் சின்ன விஷயம் இல்லை. 2020 மே மாதம் ஒரு பன்றித் தைராய்டு மாத்திரையில் டி3, லேபிளில் போட்டதில் 115 சதவீதம் வரை இருந்ததால் பல தொகுதிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அளவு குறைவாக இருந்ததற்காக வேறு தொகுதிகளும் திரும்பின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மாத்திரைகளுக்கு அனுமதி கொடுத்ததே இல்லை; 2025 ஆகஸ்ட்டில் அதைச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்குக் கடிதமும் அனுப்பியது. கிளினிக்கில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது பழையபடி லெவோதைராக்ஸின். என் அசதிக்குக் காரணம் தைராய்டே இல்லை. புது டாக்டர் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார், இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. 2,400 டாலர் வாங்கியவர்கள் அதைச் சோதிக்கவே இல்லை. இரும்பு மாத்திரையும் கால்சியமும் தைராய்டு மாத்திரையோடு சேரக்கூடாது, நாலு மணி நேரம் தள்ளித்தான் சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். முடிக்காக அவர்கள் விற்ற பாட்டிலில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது. அது ரத்தப் பரிசோதனை எண்களையே புரட்டிவிடும், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். இதில் எதையும் அவர்கள் சொல்லவில்லை. அளவு மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்காத இடம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள்.

என்னை உட்காரவிடாமல் இதை எழுத வைத்தது ஒரு தங்கச்சி. அதே கிளினிக்கில் அறிமுகமானவள், குழந்தைக்கு முயற்சி பண்ணுகிறாள். கருவின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர அம்மாவின் டி4-தான் வேண்டும். பன்றித் தைராய்டில் டி3 அதிகம், டி4 குறைவு. கர்ப்ப காலத்தில் அதைத் தரவேண்டாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் இந்த மாத்திரையில் இருந்து, கர்ப்பமாக இருந்தால் அல்லது அதற்குத் திட்டமிட்டால், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் குழந்தைக்கு ஆபத்து. இன்றைக்கே மகப்பேறு டாக்டருக்குப் போன் போட்டு மாத்திரையின் பெயரையும் அளவையும் படித்துச் சொல்லுங்கள். லெவோதைராக்ஸினுக்கு மாற்றும் அளவை அவர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.