கெலுலுட் கொசுத்தேன்: இரண்டு மாதம் சாப்பிட்ட பிறகு

சிங்கப்பூரில் கேலாங் சிராய்ப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கெலுலுட் என்ற தேனீயின் மலேசியத் தேன், 250 கிராம் போத்தல், 28 வெள்ளி. விலையைக் கேட்டு மாமியார் முகம் சுளித்தார். "வாயில வச்சுப் பாருங்கத்தை" என்று அரைக் கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். "இது கொசுத்தேன்மா! பட்டுக்கோட்டையில மரப்பொந்துல எடுப்போமே!"

நாக்கில் பட்டதும் புளிப்பு, பழுத்த புளியம்பழம் மாதிரி. இனிப்பு அப்புறம்தான் வரும். கடைசியில் தொண்டையில் லேசான கசப்பு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கொடுக்கில்லாத இந்தத் தேனீ மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துக் குட்டிக் குடங்கள் கட்டி, அவற்றில்தான் தேனைச் சேர்க்கிறது. பூவிலிருந்து வரும் பீனாலிக் சேர்மங்களோடு பிசினில் உள்ளவையும் தேனில் இறங்குகின்றன. போத்தலில் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது உடல் செல்களைச் சிதைவிலிருந்து காப்பதாகச் சொல்லப்படும் பொருள், என்று போட்டிருப்பது இவற்றைத்தான். பொதுவாக, தேன் கறுக்கக் கறுக்க இவை கூடும். நியூசிலாந்தின் மனுக்கா தேன் போத்தலில் இருக்கும் எம்ஜிஓ எண் வேறு கணக்கு. அது கிருமியை எதிர்க்கும் மெத்தில்கிளையாக்சாலின் அளவு.

கடைக்காரர் சொன்ன ஒன்றுதான் எனக்கு ஆத்திரம்: "சர்க்கரை உள்ளவங்க தாராளமா சாப்பிடலாம்." மாமியாருக்குப் பதினோரு வருஷமாக நீரிழிவு. கெலுலுட்டில் டிரெஹலுலோஸ் என்ற மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை இருப்பது உண்மை. ஆனால் குளுக்கோசும் ஃபிரக்டோசும் கூடவே இருக்கின்றன. ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கலந்து குடித்த அன்று விரலில் குத்திப் பார்த்தோம், இரத்தச் சர்க்கரை 11.4 mmol/L. குடிக்காத அன்று 8.9. நம்பிக் குடிக்கும் வயதானவர்களிடம் இப்படிச் சொல்லலாமா?

ஆன்டிஆக்சிடன்ட் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலிகளிலும் நடந்தவை. ஒரு தேக்கரண்டித் தேனைவிட ஒரு கொய்யாப்பழத்தில் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம். இருமலுக்குத் தேன் நல்லது என்பதற்கு மட்டும் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே உண்டு. மகனுக்கு இரவில் ஒரு கரண்டி கொடுத்தேன், தூங்கினான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வரக்கூடும்.

இன்னொன்று, இதில் தண்ணீர் அதிகம். சமையலறையில் வெளியே வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் நுரைத்து மூடி உப்பிவிட்டது. வாங்கியவுடனே குளிர்பெட்டியில் வையுங்கள்.

மறுபடியும் வாங்குவேன், சின்னப் போத்தலாக. மாமியார் இப்போது வெந்நீரில் கலப்பதில்லை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டுக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் கால் தேக்கரண்டி, அப்படியே நாக்கில்.