அப்பாவின் கைகளைப் பற்றிக் கேட்டவர்கள்: சிங்கப்பூர் ஈசூனில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம்

சேர்க்கைப் படிவத்தில் வழக்கமான கேள்விகள்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரத்த அழுத்தம், மாத்திரை, அவசரத்துக்கு யாரை அழைப்பது. மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தது: ‘கைகளால் என்ன வேலை செய்து வந்தார்?’ அப்பா முப்பத்தெட்டு வருடம் பரோட்டா மாஸ்டர். முதலில் செம்பவாங் பக்கம், பிறகு தேக்காவில். எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவுக்கு 79 வயது, அல்சைமர் என்ற மறதி நோய். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள இந்த நிலையத்துக்கு எட்டு மாதமாகப் போகிறார்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் விட்டிருந்தோம். பெயர் வேண்டாம். காலையில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ‘இன்று என்ன கிழமை? நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். அப்பா பதில் தெரியாமல் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரே எரிச்சல். ஏன் என்று அவருக்கே தெரியாது. தட்டைத் தள்ளிவிடுவார்.

இங்கே சேர்ந்த இரண்டாம் வாரம் குடும்பத்தாரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அன்றாட வேலைகளைச் செய்ய நோயாளிகளுக்கு உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு மலாய்ப் பெண். வெள்ளைப் பலகையில் மூளையை வரைந்து, உள்ளே கடற்குதிரை மாதிரி ஒன்றைப் போட்டார். ஹிப்போகேம்பஸ். புதிதாக நடப்பதை நினைவாகச் சேர்த்து வைக்க உதவும் பகுதி. அல்சைமர் ஆரம்பத்திலேயே அரிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நேற்றைய சாப்பாட்டைக் கேட்பது, வங்கியில் போடாத பணத்தை எடுக்கச் சொல்வது போல என்றார்.

அப்புறம் அமெரிக்காவில் வாழ்ந்த ஹென்றி மொலைசனைப் பற்றிச் சொன்னார். வலிப்பு நோய்க்காக 1953ல் அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்கமும் அந்தப் பகுதியில் கணிசமான பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சந்தித்தவர்கள் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டைத் தொடர்ந்து வரையச் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகத் தேறிவிட்டது. முன்பு வரைந்ததோ அவருக்குத் துளியும் ஞாபகமில்லை. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது என்பது அப்படித்தான் தெளிவானதாம். அப்பாவுக்கு வந்தது வேறு நோய், போகப்போக அந்தப் பாதையும் தேயும் என்பதையும் சிகிச்சையாளர் மறைக்கவில்லை. அதுவரை இருப்பதை வைத்து அவருடைய நாளை அமைப்போம் என்றார்.

மறுவாரம் என்னை வந்து பார்க்கச் சொன்னார்கள். அப்பா முன்னால் எண்ணெய் தடவிய எஃகு மேசை, ஆறு மாவு உருண்டைகள். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். உள்ளங்கையால் தட்டிப் பரப்பி, ஓரத்தைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி வீசினார். முதல் வீச்சில் கிழிந்தது. இரண்டாவது, அடியில் மேசை தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிந்தது. சுருட்டி வைத்துவிட்டு, “கல் காஞ்சிருச்சா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி கைதட்டினார்.

அன்று மாலை அப்பாவுக்கு அது எதுவும் நினைவில்லை. ஆனால் முகம் தெளிவாக இருந்தது, இரண்டு தோசை சாப்பிட்டார். 2014ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகப் படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். பார்த்த படம் மறந்த பிறகும் அது தந்த உணர்வு அவர்களிடம் தங்கியிருந்தது. பழைய இடத்திலிருந்து அப்பா தினமும் எதைச் சுமந்து வந்தார் என்று அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. முன்பே தெரியாமல் போனதே என்று இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது.

மற்றவற்றிலும் இதே அக்கறை தெரிகிறது. காலையில் அரைமணி நேரம் எல்லாரையும் வெளிச்சத்தில் நடக்க விடுகிறார்கள், உடல் கடிகாரத்தைச் சீராக வைப்பது கண்ணில் படும் வெளிச்சம்தான் என்பதால். எளிதில் அடையாளம் தெரிய, கழிவறைக் கதவுக்கு மட்டும் அடர் மஞ்சள். சாப்பாடு சுமார்தான். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம் போக வரும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை தமிழ். அப்பாவிடமிருந்து மலாயும் ஆங்கிலமும் நழுவிக்கொண்டிருக்கின்றன. இங்கே தமிழ் பேசும் தாதி ஒரே ஒருவர். அவர் “வாங்கப்பா” என்றால் உடனே எழுந்து வருகிறார். அவர் விடுப்பில் இருக்கும் நாள்களில் குளிக்க மறுக்கிறார். மூளையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இன்னொரு தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பரோட்டா இப்போது வியாழக்கிழமைதோறும் நடக்கிறது. மாவு கட்டணத்தில் சேராது. வாரம் ஒரு கிலோ மைதா தேக்காவில் வாங்கி, புதன் இரவே பையில் எடுத்து வைத்துவிடுகிறேன்.